நாலாவது கோடு

ரெண்டுவிரலாருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் என்னைப் பைத்தியக்காரி என்பீர்கள்.

எங்கள் மீன்பிடித் துறைமுகத்தில் ஐந்து ஐஸ் கம்பெனிகள். ஐஸ் ஏற்றாமல் எந்தப் படகும் கடலுக்குப் போகாது. பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் ஒரு பகல்கூடத் தாங்காது. நாலு வருஷத்துக்கு முன்னால் என் அண்ணன் மற்ற முதலாளிகளை உட்கார வைத்து ஒரு ஏற்பாடு செய்தான். ஐஸ் பார் எல்லா இடத்திலும் ஒரே விலை. ஒவ்வொரு கம்பெனியும் மாதத்துக்கு இத்தனை பார்தான் போடலாம், அதற்கு மேல் ஒன்று கூடாது. ஐஸ் தட்டுப்பாடாக இருந்தால்தானே படகுக்காரன் கேட்ட விலையைக் கொடுப்பான். எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த மாதமே ஒருவர் ஆசையை அடக்க முடியாமல் விலையைக் குறைத்து விற்றார். அண்ணன் அவர் வீட்டுக்கே போய், மரியாதையாகக் காரில் ஏற்றி வந்து, டீ வாங்கிக் கொடுத்து, குடித்து முடித்த பிறகு அவருடைய வலது கையை ஐஸ் நொறுக்கும் மெஷினுக்குள் வைத்தான். மிஞ்சியது ரெண்டு விரல். அதன் பிறகும் அவர் மாதக் கூட்டத்துக்கு ஒழுங்காக வந்து என் அண்ணன் பக்கத்திலேயே உட்காருவார். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், வழுக்கி விழுந்தேன் என்பார்.

அந்த ஐந்தில் ஒன்று எங்களுடையது. அப்பா சாகும்போது புதிய பெரிய கம்பெனியை அண்ணனுக்கும், ஓட்டை உடைசலான பழைய கம்பெனியை எனக்கும் எழுதி வைத்தார். மெஷினை என் புருஷன் பார்த்துக்கொள்வார், கணக்கை நான் பார்த்துக்கொள்வேன். என் புருஷன் நல்ல மனுஷன், ஆனால் கையிலிருந்து காசு கழன்று விழுவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்துவிடும். அண்ணன் பெயரைக் கேட்டாலே தண்ணீர்ச் சொம்பைத் தேடுவார். நான் அப்படியில்லை. அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஐஸ் தொட்டிகளுக்கு நடுவில் ஓடிக் காட்டியவன் அவன்.

யாரும் கூடுதலாகப் போடவில்லை என்று எப்படித் தெரியும்? அதற்கும் அண்ணன் வழி வைத்திருந்தான். மாதம் பிறந்ததும் ஐந்து கம்பெனியின் கரண்ட் பில்லும் அவன் மேஜைக்கு வர வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் இவ்வளவுதான் கரண்ட் என்று ஒரு வரம்பு. கரண்ட் இல்லாமல் தண்ணீர் உறையாது, அதனால் பில்லைப் பார்த்தாலே ஐஸைப் பார்த்த மாதிரி. "மனுஷன் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லாது" என்பான். அண்ணன் படிப்பை எட்டாவதோடு விட்டவன், ஆனால் மூளை அப்படி வேலை செய்யும். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

மூன்று வருஷத்துக்கும் மேலாக அந்த ஏற்பாட்டில் ஓட்டை. துறைமுகத்தில் எங்கிருந்தோ மலிவு ஐஸ் வந்துகொண்டிருந்தது, அதுவும் நொறுக்கிய ஐஸ். பார் என்றால் அச்சின் அளவை வைத்தே யார் வீட்டுச் சரக்கு என்று சொல்லிவிடலாம். நொறுக்கிய ஐஸுக்கு அப்பன் பெயர் கிடையாது. படகுக்காரர்களும் வாயைத் திறக்கவில்லை, மலிவாகக் கிடைப்பதைக் காட்டிக்கொடுக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா. அண்ணன் போன கூட்டத்தில் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான். "எவன்னு தெரிஞ்சா இந்தத் தடவை கையோட நிறுத்த மாட்டேன்."

இந்த நிலையில்தான் போட்டி ஆணையத்தின் அறிக்கை வந்தது. முதலாளிகள் கூடிப் பேசி விலை வைக்கக் கூடாது என்று கண்காணிக்கிற அரசாங்கக் கமிஷன் அது.

கமிஷன் ஆட்கள் போன வருஷமே வந்து எங்கள் விற்பனைக் கணக்கையும் மின்சார அலுவலகத்திலிருந்து மீட்டர் கணக்கையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். இப்போது குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேருக்கும் ஒரே அறிக்கை, பதில் எழுதச் சொல்லி. பெயர்களை எடுத்துவிட்டு ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் போட்டிருந்தார்கள். ரகசியம் காக்கிறார்களாம்.

ஆபீஸ் அறையில் உட்கார்ந்து படித்தேன். எழுதியவன் யாரோ, விவரமான ஆள். முதல் பக்கத்திலேயே எங்கள் கழுத்தைப் பிடித்துவிட்டான். உண்மையான சந்தையில் விலை ஆடும் என்று எழுதியிருந்தான். மீன் அதிகம் வந்தால் ஏறும், மழையில் இறங்கும், மின்கட்டணம் மாறினால் மாறும். இங்கே நாலு வருஷமாக ஆடவே இல்லை. இவ்வளவு நேராக எதுவும் தானாக இருக்காது, யாரோ பிடித்துக்கொண்டிருந்தால்தான் இருக்கும். படித்துவிட்டுச் சிரித்தேன். என் அண்ணனைப் பார்க்காமலே அவன் கையைப் பார்த்துவிட்டானே.

அப்புறம் அந்தப் படம் வந்த பக்கம். ஒரு பார் ஐஸுக்கு எவ்வளவு கரண்ட் செலவானது என்று மாதவாரியாக ஐந்து கோடுகள். கீழே ஒரு குறிப்பு. நாலாவது நிறுவனம் விற்றதாகக் காட்டிய ஐஸுக்குத் தேவையானதைவிட மிக அதிகமாக மின்சாரம் இழுத்திருக்கிறது. ஆகவே அது தன் கூட்டாளிகளுக்குத் தெரியாமல் கூடுதல் ஐஸ் தயாரித்து விற்றிருக்கக்கூடும்.

நாலாவது கோட்டைப் பார்த்தேன். மற்ற கோடுகளை விட்டு மேலே மேலே ஏறிப் போயிற்று. நடுவில் ஓர் இடத்தில் அறுந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி தொடங்கியது. போன வருஷம் எங்கள் கம்ப்ரசர் வெடித்துக் கம்பெனி மூடிக் கிடந்த சமயம் அது. துறைமுகத்தில் அது தெரியாத பூனைகூடக் கிடையாது. பெயரை அழித்தவன் அந்த இடைவெளியை அப்படியே விட்டுவைத்திருந்தான். கமிஷனில் படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

என் புருஷன் தொட்டிக் கூடத்தில் பார் தூக்குகிறவர்களிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்களை வெளியே போகச் சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த இரும்புக் கொக்கியை எடுத்து அவர் காலடியில் எறிந்தேன். தரையில் தெறித்துத் தண்ணீருக்குள் விழுந்தது.

"ஐஸ் எங்க போச்சு?"

"எந்த ஐஸ்?"

"எனக்குத் தெரியாம வித்த ஐஸ். யாருக்குக் குடுத்தீங்க? எவ வீட்டுக்குப் போச்சு அந்தக் காசு?"

அறிக்கையை அவர் மூஞ்சியில் நீட்டினேன். படத்தைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் வெளுத்தது. "உன் மேல சத்தியமா இல்ல. கணக்கு நீதானே பாக்குற. ஒரு பார் வெளிய போனாலும் உனக்குத் தெரியாம இருக்குமா?"

தெரியாமல் இருக்காது. தொட்டியில் தண்ணீர் உறையவைக்கிற டின்கள் எத்தனை என்று எனக்கு மனப்பாடம். அப்படியானால் கரண்ட் எங்கே போனது? மெஷின் அறைக்குப் போனேன், அவர் பின்னாலேயே வந்தார். நான் ஐஸ் கம்பெனியில் பிறந்து வளர்ந்தவள், அழுத்தம் காட்டும் முள் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முள் சிவப்பில் கிடந்தது. மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர் ஊற்றி ஆறவைக்கும் குழாய்களைப் பார்த்தேன். குழாயே தெரியவில்லை. விரல் தடிமனுக்கு வெள்ளைப் படிவு. இந்த லட்சணத்தில் இருந்தால் மெஷின் மூச்சு முட்டி ஓடும், பாதி ஐஸுக்கு முழுக் கரண்ட் தின்னும்.

"இத எப்ப கழுவினீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "கழுவுற ஆளு ரொம்பக் கேட்டான். அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு..."

"எத்தன அடுத்த மாசம்?"

எங்களுக்குக் கொடுத்திருந்த அளவு பாரைக்கூட நாங்கள் போடவில்லை, ஆனால் கரண்ட் மட்டும் வரம்பைத் தொட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் அண்ணன் பில்லைப் பார்த்தபோதெல்லாம் எதுவும் தப்பாகப் படவில்லை. கமிஷன் கணக்கில் அது திருட்டு ஐஸ். உண்மையில் அது என் புருஷனின் கஞ்சத்தனம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

அறிக்கையோடு வந்த கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. முதலில் வந்து முழு உண்மையையும் சொல்கிற நிறுவனத்துக்கு அபராதம் கிடையாது, பாதுகாப்பும் உண்டு. கீழே ஒரு தொலைபேசி எண். அதைத்தான் அவர் விரலால் தொட்டுக் காட்டினார்.

"போன் போட்டுருவோமா?"

"அவன் என் அண்ணன்."

"அந்த அண்ணன்தான் என்னைக் கொல்லப் போறான்."

"நான் பேசுறேன். நான் சொன்னா கேப்பான்."

"ஓடிப் போயிரலாம், வா."

"ஓடினா செஞ்சவங்கன்னு ஆயிரும். நாம என்ன செஞ்சோம்? குழாய் கழுவல. அதுக்கா ஆளக் கொல்லுவாங்க?"

அப்போதே அண்ணனிடமிருந்து போன் வந்தது. குரல் அமைதியாக இருந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "பாப்பா, வக்கீல் இப்பதான் எல்லாத்தையும் படிச்சுச் சொன்னாரு. மாப்பிள்ளைய ஒரு எட்டு வரச் சொல்லு. நீ வர வேணாம்."

"நானும் வரேண்ணா."

"உன் இஷ்டம்."

அண்ணனுடைய கம்பெனிக்கு நாங்கள் போனபோது சாயங்கால வெயில் வாசலில் இருந்தது. உள்ளே ஜன்னல் கிடையாது. குளிர் வெளியே போகக் கூடாது என்று நாலு பக்கமும் தடித்த சுவர், மேலே குழல் விளக்குகள். கூடத்தின் நடுவில் அந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேலே அகலமான இரும்பு வாய், உள்ளே பற்கள் வைத்த உருளை. ஒரு ஆள் பார்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தான். விழுந்த பார் ஒரு மூச்சில் தூளாகிக் கீழே கொட்டியது.

மற்ற மூன்று முதலாளிகளும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். ரெண்டுவிரலார் ஒரு காலி டின்மேல் உட்கார்ந்திருந்தார். தடித்த கண்ணாடி போட்டவரும், முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் வாத்தியார் என்று நாங்கள் கூப்பிடுகிறவரும் சுவரோரமாக நின்றார்கள். அண்ணன் கையில் அறிக்கையின் அந்தப் பக்கம், நாலாவது கோட்டைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம்.

"வாங்க மாப்பிள்ளை. டீ குடிக்கிறீங்களா?"

டீ என்றதும் ரெண்டுவிரலார் தரையைப் பார்த்தார். என் புருஷன், "மச்சான், நான் சொல்றதக் கேளுங்க" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான் ஆரம்பிக்க முடிந்தது. பார் தூக்குகிற இரண்டு தடியன்கள் பின்னாலிருந்து வந்தார்கள். ஒருவன் அவர் முழங்காலுக்குப் பின்னால் உதைத்தான். மற்றவன் ஐஸில் கொக்கியைப் போடுகிற அதே சாவதானத்தோடு அவர் தோளில் போட்டான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, ஈரத் துணியைக் கிழிப்பது போல. அவர் கத்திய கத்தலில் மெஷின் சத்தம் அடங்கிப்போயிற்று.

நான் கொக்கி பிடித்தவன்மேல் பாய்ந்தேன். அவன் காதைக் கடித்தேன், உப்புக் கரித்தது. புறங்கையால் ஒன்று விட்டான். தரையில் விழுந்தபோது வாயில் ஒரு பல் தனியாக உருண்டது.

"அவள அடிக்காத" என்றான் அண்ணன். உண்மையான கோபத்தோடு சொன்னான். அதுதான் அவன்.

எழுந்து நின்றேன். ரத்தத்தைத் துப்பிவிட்டு, சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். முள் சிவப்பில் கிடப்பது, குழாயில் படிவு, கழுவுகிறவனுக்குக் கொடுக்காத காசு. "நேர்ல வந்து பாருங்க. மாடிக்கு ஏறிப் பாத்தாலே தெரியும். இவருக்குத் திருடுற அளவுக்குத் தைரியம் இருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்?"

கண்ணாடிக்காரர் மட்டும் லேசாகச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. "இது நான் சொன்னதில்ல பாப்பா. கவர்மெண்ட் சொல்லுது. கம்ப்யூட்டர்ல போட்டுக் கண்டுபிடிச்சிருக்காங்க."

கமிஷன் சொல்வது அத்தனையும் பொய் என்று வாதாட வக்கீலுக்குக் கொட்டிக் கொடுத்தவர்கள். அதே அறிக்கையில் இந்த ஒரு பக்கம் மட்டும் அவர்களுக்கு வேதமாகிவிட்டது.

அவரை மெஷின் வரைக்கும் இழுத்துப் போனார்கள். தரை ஈரமாக இருந்ததால் சுலபமாக வழுக்கிக்கொண்டு போனார், பின்னால் சிவப்பாக ஒரு தடம். இடது கையைப் பிடித்து இரும்பு வாயின் விளிம்பில் வைத்து அழுத்தினார்கள். தலையையும் அதே பக்கம் சாய்த்தார்கள். கையோடு நிறுத்த மாட்டேன் என்று அண்ணன் சொன்னது வெறும் பேச்சில்லை என்று எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

"கோடை மச்சான்!" என்று கதறினார் என் புருஷன். "கோடைல தண்ணி சூடா வருது! எல்லாருக்கும்தான் கரண்ட் கூட இழுக்கும்! எனக்கு மட்டுமா?"

எவ்வளவு கேவலமான சாக்கு. சாகப்போகிற நேரத்திலும் குழாய் கழுவாததை ஒத்துக்கொள்ள மனம் வராமல் வெயில்மேல் பழியைப் போடுகிறார் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனால் படம் போட்ட பக்கம் அண்ணன் கையிலிருந்து நழுவி என் காலடியில் கிடந்தது. என் கண் அதில் விழுந்தது.

எல்லாருக்கும்தான் இழுக்கும். இரண்டாவது கோடு ஒவ்வொரு கோடையிலும் மேலே எழும்பி, குளிர் மாதத்தில் இறங்கியிருந்தது. மூன்றாவதும் அப்படியே. ஐந்தாவதும் அப்படியே. எங்கள் நாலாவது கோடுகூட, ஏறுகிற ஏற்றத்துக்கு நடுவிலும், கோடையில் கொஞ்சம் துள்ளியிருந்தது. முதல் கோடு மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராகப் போனது. கோடையும் இல்லை, குளிரும் இல்லை, மழையும் இல்லை. ஒன்றாம் எண்தான் ஐந்தில் பெரிய கம்பெனி என்று அறிக்கையிலேயே இருந்தது. என் அண்ணனுடையது.

இவ்வளவு நேராக எதுவும் தானாக இருக்காது.

"நிறுத்துங்க" என்றேன். யாரும் நிறுத்தவில்லை. பக்கத்தை எடுத்துக்கொண்டு ரெண்டுவிரலாரிடம் ஓடினேன். அவர் மடியில் விரித்து வைத்தேன். "இதப் பாருங்க. உங்க கோடு இந்த மூணுல ஒண்ணுதானே. கோடைல ஏறுது பாருங்க. வாத்தியாரே, உங்களுதும் ஏறுது. வெந்நீர் மாதிரி வர்ற தண்ணிய ஐஸ் ஆக்கணும்னா கூட கரண்ட் வேணும்ல? எங்க அண்ணனுக்கு மட்டும் ஏன் வேணாம்? இவனுக்கு மட்டும் கடவுள் வந்து ஊதி உறைய வைக்கிறாரா?"

ரெண்டுவிரலார் படத்தைப் பார்த்தார். மிஞ்சிய இரண்டு விரலாலும் முதல் கோட்டைத் தடவிக்கொண்டே போனார்.

"அவன் மீட்டரப் பாத்து ஓட்டியிருக்கான். நாம பில்லத்தான் பாப்போம்னு தெரியும். வரம்பு வந்ததும் லைன் கரண்ட நிறுத்திட்டு மிச்சத்த வேற எதுலயோ ஓட்டியிருக்கான். மீட்டர் இல்லாத கரண்ட். அதான் பில்லு மாசா மாசம் ஒரே அளவு" என்றேன்.

"ஜெனரேட்டர்" என்றார் வாத்தியார்.

அண்ணன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அது கரண்ட் போனா ஓடுறதுக்கு."

"இப்ப கரண்ட் இருக்கே" என்று விளக்கைக் காட்டினார் ரெண்டுவிரலார். எழுந்து பின்கதவு வழியாக ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போனார். மெஷின்கள் போடுகிற இரைச்சலில் இன்னொரு இரைச்சல் கலந்திருந்தால் யாருக்குக் கேட்கும். திரும்பி வந்தபோது நல்ல கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை சுட்டுச் சிவந்து தோல் வழன்றிருந்தது.

"ஓடிட்டிருக்கு" என்றார். "தொட்டுப் பாத்தேன்." பிறகு அண்ணனிடம் போய், மிகவும் மரியாதையாகக் கேட்டார். "அப்ப என் விரல எதுக்குப்பா எடுத்த?"

அண்ணன் பதில் சொல்லியிருந்தால், ஏதாவது ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால், கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கும். அவன் தடியன்களைப் பார்த்தான். அதுதான் தப்பு. கண்ணாடிக்காரர் சுவரிலிருந்த கொக்கியை எடுத்து அதே வீச்சில் அண்ணன் முதுகில் இறக்கினார். வாத்தியார் ஐஸ் அறுக்கும் ரம்பத்தின் பிடியால் அவன் மண்டையில் போட்டார். நாலு வருஷமாகத் தலையாட்டியவர்கள், ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு மாதக் கூட்டத்தைச் சேர்த்துப் போட்டார்கள். தடியன்கள் என் புருஷனை அப்படியே போட்டுவிட்டு வாசலைப் பார்த்து ஓடினார்கள். சம்பளம் யார் கொடுக்கிறாரோ அவர் நிற்கும்வரைதான் அவர்கள் நிற்பார்கள்.

நான் என் புருஷனைத் தரையில் இழுத்துச் சுவரோடு சாய்த்தேன். தோள் சதை தொங்கியது, ஆனால் கை இருந்தது, தலை இருந்தது. உயிரோடு இருக்கிறார். இது போதும் என்று நினைத்த அந்த நொடியில் அண்ணன் கூப்பிட்டான்.

"பாப்பா!"

மூன்று பேரும் சேர்ந்து அவனை மெஷின் விளிம்புக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ரெண்டுவிரலார் அவன் வலது கையைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரும்பு வாய்க்குள் சாய்ந்தார். அவர் வெறியோடு செய்யவில்லை. நெடுநாள் ஒத்திப் போட்ட வேலையைச் செய்கிறவர் போலச் செய்தார்.

என்னைக் கொல்ல வந்தவன் இல்லை அவன். என் புருஷனைக் கொல்ல வந்தவன்தான், தன் திருட்டை அவர் தலையில் கட்டி அவரைப் புதைத்திருப்பான்தான். ஆனாலும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவன். நான் யோசிக்கவில்லை. யோசித்தால் நிற்க முடியாது. அந்தக் கூடத்தின் ஒவ்வொரு மூலையும் எனக்குத் தெரியும். அப்பா காலத்திலிருந்து மெயின் ஸ்விட்ச் கதவுக்கு வலப்பக்கம். அதைக் கீழே இழுத்தால் கட்டடத்தில் ஒரு பல்புகூட மிஞ்சாது, எல்லாம் அப்படியே நின்றுவிடும். ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். கடக்கென்று இறங்கியது.

விளக்குகள் அணைந்தன. தொட்டிக்குள் உப்புத்தண்ணீரைக் கலக்குகிற மோட்டார் நின்றது. பெரிய கம்ப்ரசர் பெருமூச்சு விட்டு அடங்கியது.

நொறுக்கும் மெஷின் நிற்கவில்லை.

திருட்டு ஐஸைத் தூளாக்கி விற்றவன், தூளாக்கும் மெஷினின் வயரை ஜெனரேட்டரில்தானே கொடுத்திருப்பான். அது எனக்கு அந்த இருட்டில் புரிவதற்கும் அவன் கத்துவதற்கும் நேரம் சரியாக இருந்தது. வெகுநேரம் கத்தினான். உருளை எதிலோ சிக்கித் திணறியது, பிறகு மறுபடி சீராகச் சுற்றியது. கீழே ஏதோ கொட்டியது, ஐஸ் கொட்டுகிற அதே சத்தத்தோடு.

நான் சுவரைத் தடவித் தடவிப் பின்கதவைக் கண்டுபிடித்து, கொட்டகைக்குள் போய், ஜெனரேட்டரின் எண்ணெய்க் குழாயைப் பிடுங்கி எறிந்தேன். அது இருமி இருமி நின்றது. உள்ளே வந்தபோது மூன்று பேரும் போய்விட்டிருந்தார்கள். வாசல் கதவு திறந்து கிடந்தது. அந்த வெளிச்சத்தில் அண்ணன் மெஷின்மேல் கவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தான். முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. என் முந்தானையைக் கிழித்து மேல்கையை இறுக்கிக் கட்டினேன். என் புருஷன் ஒற்றைக் கையால் முடிச்சைப் பிடித்துக்கொண்டார். தன்னை அங்கே வைத்தவனுடைய கைக்குத்தான் முடிச்சுப் பிடித்தார். கஞ்சன்தான், ஆனால் நல்ல மனுஷன் என்று முதலிலேயே சொன்னேனே.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருவரையும் இரண்டு ஸ்ட்ரெச்சரில் போட்டிருந்தார்கள். அண்ணனுக்கு நினைவு வந்து வந்து போயிற்று. ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"ஸ்விட்ச நீதான் எறக்கினியா?"

"ஆமாண்ணா."

"நிக்கலல்ல" என்றான். உதடு கோணியது, சிரிக்கப் பார்த்தான் என்று நினைக்கிறேன். "நான்தான் வயர மாத்தினேன்." கண்ணீர் காதுக்குள் வழிந்தது. அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் ரெண்டுவிரலார் நின்றிருந்தார், சுட்ட கைக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள வந்தவர். நர்ஸிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து அவருக்கு வந்த கமிஷன் கடிதம் எட்டிப் பார்த்தது. கட்டுப் போட்ட கையால் போனை எடுத்து, மற்ற கையின் இரண்டு விரலால் எண்களைத் தடவிக்கொண்டிருந்தார். எந்த எண் என்று எனக்குத் தெரியும். முதலில் சொல்கிறவருக்குத்தான் மன்னிப்பு.

எனக்குப் பத்து விரல் இருக்கிறது. நான் முந்திக்கொண்டேன்.

மறுமுனையில் ஒரு சின்னப் பெண்ணின் குரல், வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாள். அந்த அறிக்கையில் கோடு போட்டவர் யார் என்று கேட்டேன். நான்தான் என்றாள். ஆள் ஆண்பிள்ளை என்று நான் நினைத்திருந்தேன்.

"உன் நாலாவது கோடு திருட்டு இல்லம்மா, குழாய் அழுக்கு. நேரா இருக்கிறதுதான் பொய்னு மொதப் பக்கத்துல எழுதிட்டு, நேரா இருந்த கோட்ட நீயே விட்டுட்ட. உன் படத்தால இன்னைக்கு ரெண்டு பேரு இங்க கெடக்காங்க. எழுதிக்கோ, எல்லாத்தையும் சொல்றேன்."

அவள் காகிதம் தேடுகிற சத்தம் கேட்டது. கடைசியில் மெதுவாகக் கேட்டாள், "நீங்க எந்தக் கம்பெனி?"

"நாலு" என்றேன். "ஒண்ணாம் நம்பரோட தங்கச்சி."